பாதுகாப்பானதுதான், ஆனாலும் திரும்பப் பெறுகிறோம்

மேகியில் ஈயம் இருந்ததே என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் என்னால் அதைக் கடந்துபோக முடிவதில்லை. 2015-ல் மேகி நூடுல்ஸுக்கு விதித்த தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, நீதிமன்றம் சொன்ன ஆய்வகங்களில் சோதித்த 90 மாதிரிகளும் தேறின, ஒன்றிய அரசே தொடுத்த இழப்பீட்டு வழக்கு 2024-ல் தள்ளுபடியானது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அண்மையில் அக்கா வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அக்கா, "எல்லாஞ் சரிடா தம்பி. நல்லா இருந்த பண்டத்தை எதுக்கு அள்ளிட்டுப் போய்க் கொளுத்துனாங்க?" என்றாள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு அப்படி என்றேன். "உத்தரவு வர்றதுக்கு முன்னாலயே எடுத்துக்கறோம்னு அவங்களே சொன்னாங்களே" என்றாள். அவள் சொன்னது உண்மை. 2015 ஜூன் 5-ஆம் தேதி நடந்ததை அவள் என்னைவிடச் சரியாக நினைவில் வைத்திருந்தாள். அதன்பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டையை விட்டு இறங்கவில்லை.

நெருக்கடி நேரத்தில் ஒரு நிறுவனம் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று மேலாண்மை வகுப்புகளில் பாடம் எடுப்பவர்களுக்கு மேகி விவகாரம் ஒரு வழக்கமான உதாரணம். தாமதமாகப் பேசினார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள், தலைவரை மாற்றினார்கள், சந்தையை மீட்டார்கள் என்று அதில் கதை சுபமாக முடியும். விற்பனைக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் சட்டப்படி முழுதாக வென்ற பிறகும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த நிறுவனம் தோற்றுக்கொண்டே இருக்கிறதே, அது ஏன் என்பதற்கு அந்தப் பாடத்தில் விடை இல்லை.

பாராபங்கியில் எடுத்த மாதிரி

2014 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஓர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையிலிருந்து மேகி மாதிரி எடுக்கிறார். பொட்டலத்தின் மேல் எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. நாம் அஜினோமோட்டோ என்று சொல்கிறோமே, அதுதான். கோரக்பூர் ஆய்வகத்தில் சோதித்தால் எம்.எஸ்.ஜி. இருப்பதாக முடிவு வருகிறது. நிறுவனம் மறுக்க, மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போகிறது. ஓராண்டு கழித்து 2015 ஏப்ரலில் வந்த முடிவில், யாரும் தேடாத ஒன்று சேர்ந்து வருகிறது: ஈயம், 17.2 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 17.2 பங்கு. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. ஏறக்குறைய 7 மடங்கு.

அஜினோமோட்டோ பிரச்சினை ஒரு லேபிள் தகராறு. அபராதம் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஈயம் அப்படியில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் என்பது படிக்காதவர்களுக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரியும். மே முதல் வாரத்தில் இந்திச் செய்தித்தாள்களில் தொடங்கியது, பத்துப் பதினைந்து நாட்களில் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே தரப்பிலிருந்து, அது சாப்பிடப் பாதுகாப்பானது என்ற சுருக்கமான அறிக்கைகள் வந்தன. இவற்றில் ஒரு விளக்கத்தை நான் மறக்கவே இல்லை. சோதனைக்கு எடுத்த அந்தத் தொகுப்பு 2014 பிப்ரவரியில் தயாரானது, அதே ஆண்டு நவம்பருடன் அதன் காலம் முடிந்துவிட்டது, ஆகவே அது இப்போது கடைகளில் இருக்காது என்றார்கள். ஒரு வழக்கறிஞருக்கு இது நல்ல வாதம். ஒரு தாய்க்கு இதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பொட்டலங்கள் கடையில் இல்லை, ஏனென்றால் அவற்றை எங்கள் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தை வெளியே அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் அதைத் தன் வீட்டில் படித்துக் காட்டியிருக்கலாம்.

ஜூன் தொடக்கத்தில் எல்லாம் கை மீறியது. டெல்லியில் சோதித்த 13 மாதிரிகளில் 10 தேறவில்லை என்றார்கள். கோவாவில் தேறின. எந்த மாநிலத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நூடுல்ஸ் நஞ்சாகவும் நல்லதாகவும் இருந்தது. விளம்பரத்தில் நடித்த அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித், பிரீத்தி ஜிந்தா மீது வழக்குப் பதியச் சொல்லி பீகாரில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசு மேகியையும் வேறு 3 நிறுவனங்களின் நூடுல்ஸையும் 3 மாதத்துக்குத் தடை செய்தது.

மாமா சொன்ன பதில்

உடுமலைப்பேட்டையில் என் தாய்மாமாவின் மளிகைக் கடை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருந்தது. தடை வருவதற்குச் சில நாள் முன்பு நான் அங்கே இருந்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். வாங்குவதற்காக வரவில்லை. "ஏனுங்கண்ணா, நேத்து ராத்திரிகூடப் பையனுக்கு இதைத்தானுங்க செஞ்சு குடுத்தேன். ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, குற்ற உணர்ச்சிதான் இருந்தது. தான் ஏமாற்றப்பட்டோமா என்பது அவருடைய கவலையாகத் தெரியவில்லை. தன் கையாலேயே பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்று அவர் பதறிக்கொண்டிருந்தார்.

மாமா தராசை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குந் தெரியலீங்க அம்மணி. டிவில சொல்றதுதான் எனக்கும் தெரியும். என்னன்னு வெவரம் தெரியற வரைக்கும் நான் விக்கறதா இல்லீங்க. ஊட்ல பிரிக்காத பாக்கெட் கெடந்தாக் கொண்டாங்க, காசத் தந்தர்றேன். பையனுக்கு மேலுக்குச் சுகமில்லாத மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சா டாக்டருகிட்டக் காட்டிப் போடுங்க" என்றார். அந்த அம்மா கொஞ்சம் தெளிந்த முகத்தோடு போனார். மாமா அவருக்கு ஈயத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தெரியாது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றார். தான் என்ன செய்யப்போகிறேன் என்றார். அவர் என்ன செய்யலாம் என்றார். கேட்டவர் எந்தப் பயத்தோடு வந்தாரோ அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்தது.

மக்கள் தொடர்பு என்றால் பத்திரிகையாளர்களைச் சமாளிப்பது என்ற எண்ணம் பெரிய நிறுவனங்களில் ஊறிப்போயிருக்கிறது. செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து, பதிலையும் அங்கேயே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் நாட்டில் லட்சக்கணக்கான கடை வாசல்களில் மனிதர்கள் வந்து நின்று கேட்டது அறிவியல் கேள்வி அல்ல. "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்பதுதான் அந்தக் கேள்வி. தாய்மார்களை நம்பி 2 நிமிடத்தில் தயாராகும் உணவு என்று முப்பதாண்டுக்கும் மேலாக விற்ற ஒரு பண்டத்துக்கு, அந்தக் கேள்வி எங்கிருந்து எழும் என்பது எவரையும்விட முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். "உள்ளேயும் வெளியேயும் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தோம், எல்லாம் வரம்புக்குள்தான்" என்பது ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டிய பதில். அதை அந்த அம்மாவிடம் சொன்னால், வரம்பு என்று ஒன்று இருக்கிறதா, அப்படியானால் கொஞ்சம் ஈயம் இருக்கத்தான் செய்கிறதா என்று அவர் இன்னும் பயப்படுவார். 2019 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தில் அப்படியே நடந்தது. ஈயத்தின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று நெஸ்லேவின் வழக்கறிஞர் வாதிட்டதை, மேகியில் ஈயம் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது என்று செய்திகள் தலைப்பிட்டன. மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஈயம் மிக நுண்ணிய அளவில் பல உணவுகளில் வரும் என்ற சாதாரண உண்மையை, யாரும் பதறாத காலத்தில் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. பதற்றத்தின் நடுவில் அதைச் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் கேட்கும்.

ஜூன் 5

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நெஸ்லேவின் உலகத் தலைமைச் செயல் அதிகாரி பால் புல்கே டெல்லிக்குப் பறந்து வந்து ஜூன் 5-ஆம் தேதி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். மேகியைத் தற்காலிகமாகத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் நள்ளிரவு கடந்தபோதே அறிவித்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 9 வகைகளையும் விலக்கச் சொல்லி உத்தரவிட்டதும் அதே நாள்தான். புல்கே சொன்னதன் சாரம் இதுதான்: எங்கள் மேகி பாதுகாப்பானது, ஆனால் நுகர்வோரிடம் குழப்பம் ஏற்பட்டு நம்பிக்கை குலைந்துவிட்டது, ஆகவே திரும்பப் பெறுகிறோம்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அவர் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. குறை இருக்கிறது என்று சொன்னால் வழக்குகளில் சிக்கியிருப்பார்கள், அது உண்மையும் இல்லை. திரும்பப் பெறாமல் இருக்கவும் முடியாது. ஆக இரண்டு பாதியும் தனித்தனியாகச் சரி. ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும்போதுதான் கேட்பவர் தடுமாறுகிறார். பாதுகாப்பானது என்றால் ஏன் எடுக்கிறீர்கள்? எடுக்கிறீர்கள் என்றால் எப்படிப் பாதுகாப்பானது? நாக்கு ஒன்றும் கை ஒன்றும் சொல்லும்போது மனிதர்கள் கையைத்தான் நம்புவார்கள். கைதான் 38,000 டன் நூடுல்ஸை லட்சக்கணக்கான கடைகளிலிருந்து திரும்ப அள்ளி, சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரித்தது. அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியாவுக்கு 64 கோடி ரூபாய் நஷ்டம். இவ்வளவு பெரிய செயலை, ஒன்றுமில்லாத விஷயத்துக்காக யாராவது செய்வார்களா என்று அக்கா கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

அந்த வாக்கியத்தின் நடுவில் ஒன்று விடுபட்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். "அரசு ஆய்வகங்களின் முடிவும் எங்கள் முடிவும் முரண்படுகின்றன. யாருடையது சரி என்று நீங்கள் நம்பும்படி ஒரு மூன்றாம் தரப்பு சோதித்துச் சொல்லும்வரை, எங்கள் சொல்லை மட்டும் நம்பி உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அதனால் எடுக்கிறோம்." இப்படிச் சொல்லியிருந்தால் சட்டச் சிக்கல் ஒன்றும் வந்திருக்காது. உடுமலையில் மாமா சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அந்த ஒரு மாதத்தில் நிறுவனம் இதைத்தான் செய்திருக்க வேண்டும். கடைசியில் நீதிமன்றம்தான் செய்ய வைத்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்றும், முந்தைய சோதனைகளைச் செய்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றும் சொல்லி, பஞ்சாப், ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆகிய 3 இடங்களில் புதிதாகச் சோதிக்க உத்தரவிட்டது. அந்தச் சோதனைகளில்தான் 90 மாதிரிகளும் தேறின. நவம்பர் 9-ஆம் தேதி மேகி கடைக்குத் திரும்பியது.

பொட்டலத்தின் மேல் இருந்த வரி

எனினும் நெஸ்லேவை முழுதாக அப்பாவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடைக்கு அது தகுதியானது அல்ல. நெருக்கடிக்குத் தகுதியானதுதான். பாராபங்கியில் அந்த அதிகாரி மாதிரியை எடுத்ததும் கோரக்பூருக்கு அனுப்பியதும் ஈயத்துக்காக அல்ல, எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை என்ற அந்த வரியால். கோதுமையிலும் வெங்காயத் தூளிலும் நிலக்கடலைப் புரதத்திலும் குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. தனியாக நாங்கள் எதையும் சேர்க்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அது சொல்லளவில் பொய்யில்லை. ஆனால் அந்த வரியைப் பொட்டலத்தில் போட்டவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கடையில் நின்று படிக்கிறவர் "இதில் அஜினோமோட்டோ இல்லை" என்றுதான் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அதை எழுதினார்கள். அஜினோமோட்டோ மீது மக்களுக்கு இருக்கும் பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்று உணவு அறிவியல் தெரிந்த ஒரு நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பயத்தைத் தெளிவுபடுத்துவதைவிட அதை வைத்து விற்பது எளிது, விற்றார்கள். மக்களின் அறியாமையில் லாபம் பார்த்த பிறகு, அதே மக்கள் ஈய விஷயத்தில் அறிவியலைக் கேட்க மறுக்கிறார்கள் என்று வருந்தினால் யார் கேட்பார்கள்?

மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்கள் நெருக்கடி தொடங்கிய நாளைச் செய்தி வெளியான தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். மேகிக்கு அது தொடங்கியது, அந்த வரியை அச்சுக்கு அனுப்பலாம் என்று ஓர் அறையில் சிலர் ஒப்புக்கொண்ட நாளில். அந்த அறையில் மக்கள் தொடர்புக்காரர் இருந்தாரா, கேள்வி கேட்டாரா என்பதில்தான் என் அக்கறை. தீப்பிடித்த பிறகு அவரைக் கூப்பிட்டு அறிக்கை எழுதச் சொல்வதால் பெரிய பயன் இல்லை.

பேச வேண்டிய இன்னொருவர்

இந்த விவகாரத்தில் நற்பெயரை இழந்திருக்க வேண்டிய இன்னொரு தரப்பு, உணவைச் சோதிக்கும் அரசு இயந்திரம். ஓர் ஆய்வகம் 17.2 என்கிறது, பிறகு வந்த ஆய்வகங்கள் 2.5-க்கு வெகு கீழே என்கின்றன. இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாது. அங்கீகாரமற்ற ஆய்வகங்களை நம்பித் தடை விதித்ததாக நீதிமன்றமே சொன்ன பிறகு, அந்த எண்கள் எப்படி வந்தன, எந்த ஆய்வகத்தில் என்ன மாற்றினோம் என்று மக்களிடம் வந்து பேசியிருக்க வேண்டியது ஆணையம். அது உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒன்றிய அரசோ 640 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் சோதனையிலும் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. வழக்கு 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது. தடை போட்டபோது தொலைக்காட்சியில் முழு நாளும் ஓடிய செய்தி, தள்ளுபடியானபோது பத்திரிகையின் உள்பக்கத்தில் ஓர் ஓரத்தில் வந்தது. எனக்கு இது நெஸ்லேவின் இழப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. நாளைக்கு உண்மையிலேயே ஒரு நஞ்சு சந்தைக்கு வந்து அரசு எச்சரித்தால், அன்றைக்கு மேகியிலும் இப்படித்தான் சொன்னார்கள் என்று நான்கு பேர் அதை ஒதுக்கிவிட்டு வாங்கினால் என்ன செய்வோம்?

2003-ல் கேட்பரிக்கு நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மும்பையில் அதன் டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு. கடைக்காரர்கள் சரியாக வைத்துப் பாதுகாக்கவில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது, கோபம் கூடியது, தீபாவளி நேரத்து விற்பனை சரிந்தது. அதன்பிறகு யார் தவறு என்று வாதிடுவதை விட்டுவிட்டு, புழு நுழைய முடியாதபடி உறையையே மாற்றினார்கள். 2004 தொடக்கத்தில் புதிய உறை வந்தது. அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து உறுதி சொன்னதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் வேலை செய்தது அந்த உறை. வாங்குகிறவர் தன் கையாலேயே பிரித்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடிந்தது. மேகியில் அப்படிக் கண்ணால் பார்க்கும்படி மாற்ற ஒன்றுமில்லை, ஈயம் கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே சொல்லின் பாரம் அங்கே பல மடங்கு கூடுதல்.

2015 ஆகஸ்டில் பொறுப்பேற்ற சுரேஷ் நாராயணன் ஊடகங்களை ஒதுக்காமல் சந்தித்தார், நிறுவனம் மனிதக் குரலில் பேச ஆரம்பித்தது, மேகி மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்தப் பாடம் உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியது என்ற சந்தேகம், வழக்கு தள்ளுபடியான அதே 2024 ஏப்ரலில் எனக்கு வந்தது. நெஸ்லே இந்தியாவில் விற்கும் குழந்தை உணவான செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் சேர்ப்பதில்லை என்று சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்டது. மறுபடியும் குழந்தை உணவு, மறுபடியும் தாய்மார்கள். அங்கே போடாததை இங்கே எங்கள் பிள்ளைக்கு ஏன் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. கடந்த 5 ஆண்டுகளில் சேர்க்கும் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம், உள்நாட்டு விதிகளுக்கு உட்பட்டே நடக்கிறோம் என்று பதில் வந்தது. திரும்பவும் ஆய்வாளருக்குச் சொல்லும் பதில். அந்த ஆண்டு அக்டோபரில், செரிலாக்கின் 21 வகைகளில் 14 இனிச் சுத்திகரித்த சர்க்கரை இல்லாமல் வரும் என்று நிறுவனம் அறிவித்தது; இதற்கான வேலையை 3 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகவும் சொன்னது. அப்படியானால் ஏப்ரலில் கேள்வி எழுந்த நாளன்றே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம், இத்தனை நாள் ஏன் போட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவது பதிலுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.